ஒரு வெள்ளி சம்பளம்

வணக்கம் ஐயா. நான் பிறையில் ஒரு தொழிற்சாலையில் கியூசி பிரிவில் வேலை செய்கிறேன். புர்சா மலேசியா பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம். போன மாதம் எங்கள் தலைமை நிர்வாகி எல்லாரையும் கூட்டி, நிலைமை சரியாகும்வரை மாதம் ஒரு வெள்ளிதான் சம்பளம் வாங்கப்போவதாகச் சொன்னார். பலத்த கைத்தட்டல். கையோடு, இந்த வருடம் யாருக்கும் போனஸ் இல்லை என்றும் சொல்லிவிட்டார். நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர் குடும்பத்துடையது. "அவரே விட்டுக்கொடுக்கும்போது நமக்கென்ன?" என்கிறார்கள் கூட இருப்பவர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் நினைப்பது தப்பா?
- ஒரு வாசகி, பிறை

அன்புள்ள சகோதரி,

தப்பே இல்லை. மூன்றில் ஒரு பங்கு குடும்பத்துடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விஷயமே அதுதான். பங்குதாரர்களுக்கு லாபத்தைப் பிரித்துக் கொடுக்கும் லாப ஈவு அறிவித்தால் அவருக்கு வரும். பங்கு விலை ஏறினால் அதுவும் அவருக்குத்தான். உங்களுக்கு இருப்பது சம்பளம் ஒன்றே.

ஆப்பிளுக்கு 1997-ல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் வருடத்துக்கு ஒரு டாலர்தான் சம்பளம் வாங்கினார். அதே நிறுவனம் அவருக்கு ஒரு ஜெட் விமானம் கொடுத்தது, 2003-ல் 50 லட்சம் பங்குகளையும் ஒதுக்கியது. ஊர் நினைவில் நின்றது அந்த ஒரு டாலர் மட்டும்.

போனஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஓவர்டைமுக்கு இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) கிடையாது, போனஸுக்கு உண்டு. மாதம் 5,000 வெள்ளிக்குள் சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி போட வேண்டியது 13 விழுக்காடு. ஆக, கைக்கு வர வேண்டிய பணத்தோடு, முதலாளி உங்கள் கணக்கில் கட்ட வேண்டிய 390 வெள்ளியும் போகிறது. ஓய்வு பெறும்வரை அந்தப் பணத்துக்கு வருடா வருடம் கிடைத்திருக்கும் ஈவும் போகிறது. தீபாவளிச் செலவுக்கு அதை நம்பியிருந்தவர்கள் உங்கள் லைனில் எத்தனை பேர் இருப்பார்கள்!

இதற்காக ஒரு வெள்ளி வாங்குகிற எல்லாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். கிரைஸ்லர் கார் நிறுவனம் திவாலாகும் நிலையில் இருந்தபோது அதன் தலைவர் லீ அயகோக்கா தம் சம்பளத்தை ஒரு டாலராக்கிக்கொண்டார். தொழிலாளர்களும் ஊதியத்தில் விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் 1980-ல் தொழிற்சங்கத் தலைவர் டக்ளஸ் ஃபிரேசருக்கு இயக்குநர் வாரியத்தில் இடம் கிடைத்தது. கணக்கு வழக்கைத் தொழிலாளர் பக்கத்து ஆள் உள்ளே உட்கார்ந்து பார்க்க முடிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். (1986-ல் அயகோக்காவுக்குக் கிடைத்தது 2 கோடி டாலருக்கு மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

நம் நாட்டிலேயே 2020-ல், கோவிட் சமயத்தில், ஏர்ஏசியாவின் டோனி பெர்னாண்டசும் கமாருடின் மெரானுனும் சம்பளமே எடுக்கவில்லை. ஊழியர்களுக்கு 15 முதல் 75 விழுக்காடு வரை வெட்டு, பதவி உயர உயரக் கூடுதல். அப்புறம் ஆட்குறைப்பும் நடந்தது, அது வேறு. ஆனால் வெட்டில் மேல் கீழ் பார்த்தார்கள். உங்கள் நிறுவனத்தில் மேலாளருக்கும் ஆப்பரேட்டருக்கும் ஒரே அறிவிப்பு.

பட்டியலிட்ட நிறுவனம் ஒவ்வோர் இயக்குநருக்கும் எவ்வளவு கொடுத்தது என்பதை ஆண்டறிக்கையில் பேரோடு போட்டாக வேண்டும். அதை எடுத்துப் பாருங்கள். அவருடைய குடும்பத்தார் வேறு யாராவது இயக்குநராக இருந்தால் அவர்கள் பேருக்கு நேரே இருக்கும் தொகையையும் பாருங்கள். பிறகு மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள்: இந்த வருடம் லாப ஈவு கொடுப்பார்களா? கொடுப்பதாக இருந்தால் போனஸ் ஏன் இல்லை? நிலைமை சரியானதும் விட்டுப்போன போனஸ் கிடைக்குமா? தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.