தொண்டூழியத் தீயணைப்பாளர் தவறு செய்தால் யார் பொறுப்பு?

"சம்பளம் இல்லாமல் வருபவரை எப்படித் தட்டிக் கேட்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் தொண்டூழியர்களுக்கென்று தனித் தீயணைப்புத் துறை கிடையாது. சீருடைத் தொண்டூழியர்கள், தீயணைப்பையும் மீட்புப் பணியையும் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படைக்குள்ளேயே துணைப் பிரிவாக இருக்கிறார்கள். பயிற்சி பெற்று, அந்தந்த நிலையத் தலைவரின் உத்தரவின்கீழ் வேலை செய்கிறார்கள். சம்பளம் இல்லை என்பதால் உத்தரவு தளர்வதில்லை. பற்றியெரியும் வீட்டு வாசலில் நிற்கும்போது "எனக்கு இஷ்டமில்லை" என்றால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கல்லவா ஆபத்து!

பொதுமக்களை உதவிக்கு அழைக்கும் அந்தப் படையின் 'மைரெஸ்பாண்டர்' கைபேசிச் செயலி வேறு வகை. 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயத்துடிப்பு நின்றாலோ, வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) குப்பைக்குழாயில் சின்னதாகத் தீப்பிடித்தாலோ கைபேசி அலறும். போவதும் போகாததும் உங்கள் விருப்பம். அங்கே உங்களுக்குத் தலைவர் கிடையாது. புகை அதிகமானால் விலகி நின்று, 995 அவசர எண்ணில் அழைத்தால் வரும் படை வண்டிக்குக் காத்திருங்கள்.

பொறுப்பு என்றால் எனக்கு 2018இல் துவாஸ் வியூ தீயணைப்பு நிலையத்தில் நடந்த சம்பவம்தான் நினைவுக்கு வரும். அங்கே தேசிய சேவையை (கட்டாயப் பணியை) முடிக்கவிருந்த ஓர் இளைஞரை, கேலிச் சடங்காக, நிலையத்தின் 12 மீட்டர் ஆழத் தண்ணீர்க் கிணற்றில் தள்ளினார்கள். நீச்சல் தெரியாத அவர் இறந்துபோனார். தள்ளியவர் சிறைக்குப் போனார். அத்தோடு விடவில்லை: அந்தப் பணிக்குழுவின் தலைவர், துணைத்தலைவர் மீதும் வழக்குப் போட்டார்கள். தடுக்கவேண்டியவர்கள் தடுக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. தொண்டூழியர்களை நடத்துபவருக்கும் இதே அளவுகோல்தான் வேண்டும் என்பேன்.