வீட்டை இப்போதே எழுதி வாங்குவதா, உயில் போதுமா?

அப்பாவுக்கு 74 வயது, அவர் சுயமாக வாங்கிய வீட்டை இப்போதே உங்கள் பெயருக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் அப்பா உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளைக்கு எழுதித் தரும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 1%, உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, உச்சவரம்பு 10,000. உங்களுக்கு வருமானவரி வராது. பின்னால் விற்றால் லாபத்துக்கு வரி கணக்கிட அப்பா வாங்கிய விலைதான் அடக்கவிலை, பழைய பத்திரத்தைத் தொலைக்காதீர்கள்.

செலவல்ல சிக்கல். பதிந்தபின் அவர் நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. அதனால் ஆயுள் முழுக்க அவர் குடியிருக்கும் உரிமை, வாடகை வந்தால் அது அவருக்கே, நீங்கள் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை, எல்லாம் பத்திரத்திலேயே வரட்டும். பிள்ளை பராமரிக்காவிட்டால் எழுதிக்கொடுத்ததை ரத்து செய்யக் கேட்க வழிதரும் 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவில் போகிற பெற்றோர் பலர் சறுக்குவது அந்த நிபந்தனை எழுத்தில் இல்லாததால்தான்.

அவருக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தாலே உயில்தான் மேல்: முத்திரைத்தீர்வை இல்லை, இரண்டு சாட்சிகள் போதும், எப்போதும் மாற்றலாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள்.