“அந்தக் காலம் அப்படித்தான்” என்று சொல்லித் தப்ப முடியாது

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் மத்திய கால ஐரோப்பாவைக் களமாகக் கொண்ட காதல் நாவல்களை மாறி மாறி வாசிக்கிறோம். அநேகமாக எல்லாவற்றிலும் அரசனோ தகப்பனோ பேசி முடித்த கலியாணம். முதலில் வெறுப்பு, பிறகு காதல். ‘பெண்ணைப் பண்டமாக்கும் குப்பை’ என்கிறார்கள் பாதிப் பேர். ‘அந்தக் காலம் அப்படித்தான், இன்றைய கண்ணால் பார்க்காதே’ என்கிறார்கள் மற்றவர்கள். நீங்கள் எந்தப் பக்கம்? நானும் இப்படி ஒரு நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, ஹட்டன்

பதில்: இரண்டு பக்கமும் இல்லை. ஆனால் இரண்டாவது தரப்பின் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். “அந்தக் காலம் அப்படித்தான்” என்பவர்கள் அந்தக் காலத்தை விசாரிக்காமலே அதற்குச் சாட்சி சொல்கிறார்கள்.

1140 அளவில் கிரேஷியன் தொகுத்த திருச்சபைச் சட்டமும், 1159 முதல் 1181 வரை பாப்பரசராக இருந்த மூன்றாம் அலெக்ஸாண்டரின் தீர்ப்புகளும் சேர்ந்து ஒரு விதியை நிலைநிறுத்தின. கலியாணத்தை உண்டாக்குவது மணமக்கள் இருவரின் சம்மதம். தகப்பன் சம்மதிக்காவிட்டாலும் அது செல்லும். பிரபு சம்மதிக்காவிட்டாலும் செல்லும். “உன்னை என் கணவனாக ஏற்கிறேன்” என்று நிகழ்காலத்தில் இருவரும் சொல்லிவிட்டால், சாட்சி இல்லாவிட்டாலும், தேவாலயப் பக்கமே போகாவிட்டாலும் கலியாணம் ஆகிவிடும். “ஏற்பேன்” என்று எதிர்காலத்தில் சொன்னால் அது நிச்சயம் மட்டும். அதற்குப் பின் இருவரும் உடலால் கூடினால் அதுவும் கலியாணமாகிவிடும். மிரட்டிப் பெற்ற சம்மதம் சம்மதம் ஆகாது. நெஞ்சுறுதி உள்ள ஆளையும் அசைக்கக்கூடிய அச்சம் இருந்தது என்று காட்டினால், அப்படியொரு கலியாணமே நடக்கவில்லை என்று திருச்சபை நீதிமன்றம் தீர்க்கும். ஆகவே, பெண்ணின் வாயைப் பொத்திப் பாதிரியார் முன்னால் நிறுத்தும் நாவலாசிரியர் அந்தக் காலத்துக்கு உண்மையாக இருக்கிறார் என்று யாரும் வாதாட வேண்டாம்.

இனி முதல் தரப்புக்கு வருகிறேன். சட்டம் சம்மதம் கேட்டது என்பதால் வீடு கேட்டது என்று ஆகாது. இங்கிலாந்தின் நோர்ஃபோக் பகுதியில் வாழ்ந்த பாஸ்டன் குடும்பத்தின் கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. 1449இல் எலிசபெத் பாஸ்டனுக்கு இருபது வயதளவு. ஐம்பதை நெருங்கிய, நோயால் முகம் சிதைந்த, மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைப் பேசினார்கள். அவள் தயங்கினாள். தாய் அவளை அறையில் அடைத்து, வாரத்துக்கு ஒரு முறை, இரு முறை, சில நாட்களில் ஒரே நாளில் இரு முறை அடித்தாள். தலையில் இரண்டு மூன்று இடங்களில் காயம். உறவுக்காரப் பெண் ஒருத்தி இதைக் கடிதமாக எழுதி எலிசபெத்தின் அண்ணனுக்கு அனுப்பியதால்தான் நமக்கே தெரியும். அந்தக் கலியாணம் கடைசியில் நடக்கவில்லை.

இருபது வருடம் கழித்து, 1469இல், அதே வீட்டில் இன்னொரு பெண். எலிசபெத்தின் அண்ணன் மகள் மார்ஜெரி. குடும்பத்தின் கணக்குவழக்கைப் பார்த்துவந்த ரிச்சர்ட் காலேயோடு இரகசியமாக வாக்குச் சொல்லிவிட்டாள். குடும்பம் கொதித்தது. நோரிச் ஆயர் அவளை அழைத்து, என்ன வார்த்தை சொன்னாய் என்று கேட்டார். பிறகு காலேயைத் தனியாக அழைத்து அவன் சொல்வதோடு ஒத்துப் பார்த்தார். அந்த வார்த்தைகள் போதாதென்றால் இங்கிருந்து போகுமுன் இன்னும் உறுதியாக்கிவிடுகிறேன் என்றாள் மார்ஜெரி. ஆயருக்கு வேறு வழியில்லை. கலியாணம் செல்லும் என்றானது. தாய் வாசற்கதவைச் சாத்திக்கொண்டாள். காலே மட்டும் அந்தக் குடும்பத்தின் வேலையில் தொடர்ந்தான், ஏனென்றால் அவன் இல்லாமல் கணக்கு ஓடவில்லை.

ஒரே குடும்பத்தில், ஒரே தலைமுறை இடைவெளியில், ஒருத்தி அடிபட்டாள், ஒருத்தி வென்றாள். உங்கள் வட்டத்தின் இரு தரப்பும் தவறவிடுவது இதைத்தான். பேசி முடித்த கலியாணம் கதையில் இருப்பதே குற்றம் என்று நான் நினைக்கவில்லை. ‘மாட்டேன்’ என்று சொல்ல அவளுக்கு வழி இருந்ததா, சொன்னால் என்ன விலை கொடுத்திருப்பாள், அந்த விலையை ஆசிரியர் எழுதினாரா என்பதைப் பாருங்கள். எழுதியிருந்தால் பின்னால் வரும் காதலை நான் நம்புவேன். எழுதாமல், நாயகனின் தோள் அகலத்தை மூன்று பக்கம் வர்ணித்துவிட்டு, முதலிரவில் அவள் அழுததைக் காதலின் தொடக்கம் என்று காட்டுபவரை நான் மன்னிப்பதில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகள்தான் இவற்றைக் கைபேசியில் இரவிரவாக வாசிக்கிறார்கள். வற்புறுத்தல்தான் ஆசை என்ற பாடம் அவர்களுக்கு வேண்டாம்.

வயதைப் பற்றியும் இதே சாக்கு வருகிறது. திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14. ஏழு வயதுக்கு முன் செய்த நிச்சயம் செல்லாது. சிறுவயதில் நிச்சயிக்கப்பட்ட பிள்ளை உரிய வயது வந்ததும் மறுக்கலாம். ஆனால் சட்டம் அனுமதித்ததை எல்லாரும் நல்லதென்று நினைத்தார்களா? மார்கரெட் போஃபோர்ட் 1457 ஜனவரியில், 13 வயதில், பின்னாளில் இங்கிலாந்து அரசரான ஏழாம் ஹென்றியைப் பெற்றார். கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அதன்பின் இரண்டு முறை மணந்தும் அவருக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதே மார்கரெட், பேத்தியைச் சிறுமியாக ஸ்கொட்லாந்து அரசனுக்கு அனுப்பக்கூடாது என்று மருமகளோடு சேர்ந்து தடுத்து நின்றதை ஹென்றியே ஸ்பானியத் தூதரிடம் சொல்லியிருக்கிறார். கேடு என்று அந்தக் காலத்துப் பெண்களுக்கே தெரிந்திருந்தது. இலங்கையில் 1995இல் பொதுத் திருமணச் சட்டத்தில் வயதை 18 ஆக்கினார்கள். உங்கள் நாயகியை அதற்குக் கீழே வைக்க எந்தக் காரணமும் இல்லை. எலிசபெத்துக்கு இருபது வயதளவு என்று மேலே சொன்னேன். வரலாறு உங்களைத் தடுக்காது.

இனி உங்கள் கைப்பிரதி. முதலில், பெண் யாருடைய பிடியில் இருக்கிறாள் என்பதைத் தீர்மானியுங்கள். இங்கிலாந்தில் அரசனிடம் நேரடியாக நிலம் பெற்ற பிரபு, வயது வராத வாரிசை விட்டு இறந்தால், நிலத்தின் வருமானமும் பிள்ளையை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்ற உரிமையும் அரசனுக்குப் போகும். அரசன் அதை விற்கலாம். வாங்கியவன் தன் மகனுக்கே கட்டிவைக்கலாம். 1215இன் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம், வாரிசைத் தகுதிக்குக் குறைந்த இடத்தில் கட்டிவைக்கக்கூடாது என்று சொன்னது. 1236இன் மேர்ட்டன் சட்டத்தில், பேசிய இடத்தை வாரிசு மறுத்தால் அந்தக் கலியாணத்தின் பெறுமதியைக் கட்ட வேண்டும். இங்கேதான் உங்களுக்குக் கதை இருக்கிறது. ‘கொடுமைக்காரச் சித்தப்பா’ என்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவதைவிட, மறுப்புக்கு ஒரு தொகை உண்டு, அதை யார் கட்டுவது என்ற கேள்வி பத்து மடங்கு இறுக்கமானது. 1189இல் பெருநிலத்து வாரிசான இசபெல் டி கிளேரைப் போர்வீரர் வில்லியம் மார்ஷலுக்குக் கொடுத்தது அரசன்தான். அவளுக்குப் பதினேழளவு, அவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. அவளோடு வேல்ஸிலும் அயர்லாந்திலும் பெரும் நிலங்கள் வந்தன. பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். நாவல்கள் திரும்பத் திரும்பச் சுற்றுவது இந்த வார்ப்பைத்தான்.

அடுத்தது உறவுமுறை. தமிழில் எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. நமக்கு மாமன் மகள் முறைப்பெண். அங்கே அவள் விலக்கு. 1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை தடையை ஏழு தலைமுறையிலிருந்து நான்காகக் குறைத்தது. குறைத்த பிறகும் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பொதுவாக இருந்தால் பாப்பரசரின் விலக்களிப்பு வேண்டும். ஞானத்தாய், ஞானத்தகப்பன் வழியிலும் தடை உண்டு. அதே சங்கம்தான் கலியாணத்தை முன்கூட்டியே தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும் என்றது. அறிவிக்காத கலியாணமும் மேலே சொன்னபடி செல்லும், ஆனால் அது விதிமீறல். ஆகவே 1215க்குப் பின் நடக்கும் கதையில் “இன்று மாலையே கலியாணம்” என்றால் அந்த அறிவிப்பு எங்கே என்று வாசகர் கேட்பார். தடை தெரிந்தவர் எழுந்து நின்று சொல்வதற்காகவே வைத்த அறிவிப்பு அது. அதை வீணாக்காதீர்கள்.

மறுப்பை யார் சுமந்து போகிறார்கள்? இதற்கு நம்மிடமே, சங்க அகப்பாடல்களில், ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அயலார் பெண் கேட்டு வரும்போது தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி வளர்த்த தாயான செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம், நற்றாய் தகப்பனிடமும் அண்ணன்மாரிடமும். அறத்தொடு நிற்றல் என்ற இந்தத் துறையில் எழுந்ததுதான் குறிஞ்சிப்பாட்டு. மலைக்காட்டில் தொடங்கிய காதலைத் தோழி செவிலிக்கு எடுத்துச் சொல்வது. ஒவ்வொரு படியிலும் சொல் மாறும், சொல்பவளின் ஆபத்தும் மாறும். உங்கள் கோட்டைக்குள்ளும் ஒரு வளர்த்த தாயும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் பாதிரியாரும் இருப்பார்கள். அவர்கள் வாய்வழியாக அந்த ‘மாட்டேன்’ நகரட்டும். நாயகி நேராக மண்டபத்தில் நின்று தகப்பனைப் பார்த்து முழங்கும் காட்சியை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள்.

கலியாணம் முடிந்த பின் வரும் நாட்களை அவசரமாகக் கடக்காதீர்கள். வற்புறுத்தலைக் காட்டி வழக்கு வைக்கலாம் என்றேன். ஆனால் அவள் மனம் ஒப்பி அவனோடு வாழத் தொடங்கிவிட்டால் அந்த வழக்கு நிற்காது. இரண்டுக்கும் நடுவிலுள்ள காலத்தில்தான் அவள் கையில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. அவன் அதை அறிவானா? அறிந்தும் காத்திருக்கிறானா, இல்லை அவளுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறானா? அவனுடைய நல்ல குணத்தை அடைமொழிகளால் சொல்ல வேண்டிய தேவை அப்போது இருக்காது. மெதுவாகப் பூக்கும் காதல் வேண்டும் என்று உங்கள் வட்டத்தார் கேட்கிறார்கள் என்றால், அதற்கான மண் இங்கே இருக்கிறது.

சில்லறைப் பிழைகளும் நம்பிக்கையைக் குலைக்கும். பிரபுவுக்கு ‘முதலிரவு உரிமை’ இருந்தது என்பதற்குச் சட்டச் சான்று இல்லை. குடியானவன் மகளின் கலியாணத்துக்குப் பிரபுவுக்கு வரி கட்டினான் என்பது உண்மை, அதை எழுதுங்கள். இரும்புக் கற்புப் பூட்டும் பிற்காலக் கட்டுக்கதை. விருந்தில் உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் வைக்காதீர்கள். 1492க்கு முன் ஐரோப்பா அவற்றை அறியாது. சீமாட்டியின் கையில் தேநீர்க் கோப்பையும் வேண்டாம். தேயிலை அங்கே போய்ச் சேர்ந்தது 17ஆம் நூற்றாண்டில். தேயிலைத் தோட்டத்து வாசகர் அந்தப் பிழையை முதலில் பிடிப்பார்.

அரச கலியாணம் என்றால் மணப்பெண்ணோடு யார் யார் வந்தார்கள் என்றும் எழுதுங்கள். நமக்குப் பக்கத்திலேயே கண்டி இருக்கிறது. மதுரையிலிருந்து பெண் எடுத்தார்கள், பெண்ணோடு உறவினரும் வந்தார்கள். 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய மகன் இல்லாமல் இறந்தபோது அரசியின் சகோதரர் ஶ்ரீ விஜய ராஜசிங்கனாக அரியணை ஏறினார். 1815 வரை ஆண்டது அந்த நாயக்கர் வழிதான். காலம் பிந்தியது என்றாலும், ஒரு கலியாணம் அரசவையில் யாரை உள்ளே கொண்டுவரும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தேடிப் போக வேண்டாம்.

கடைசியாக ஒரு யோசனை. பதினெட்டு, இருபது வயதுக் கன்னியை விட்டுவிட்டு ஒரு விதவையை நாயகியாக்கிப் பாருங்கள். கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவள் ஆயுள்வரை அவளுக்கு. இறந்த கணவனின் வீட்டில் நாற்பது நாள் தங்கலாம். மறுமணம் வேண்டாம் என்று இருக்க விரும்பும்வரை அவளை வற்புறுத்தக்கூடாது என்று மாக்னா கார்ட்டாவின் எட்டாம் பிரிவு சொல்கிறது. அதற்கு முந்திய காலத்தில் இந்தச் சுதந்திரத்தை விதவைகள் அரசனுக்குப் பணம் கட்டி வாங்கினார்கள். கதையை 1214இல் தொடங்குங்கள். கெடு நெருங்குகிறது, அரசன் ஒருவனைப் பேசிவிட்டான், அவளிடம் பாதித் தொகைதான் இருக்கிறது.