உடலுறுப்புகளுக்கு ஆட்களின் பெயர் தேவையா? – கேள்வி பதில்

கேள்வி: கருக்குழாய்க்கு ஃபலோப்பியன் குழாய் என்று ஏன் ஒருவரின் பெயர்? அவர்தான் அதை முதலில் கண்டாரா?

பதில்: இல்லை. இத்தாலியரான கேப்ரியேல் ஃபலோப்பியோ 1561-இல் வெளியிட்ட நூலில் அதன் வடிவத்தை எக்காளத்துக்கு ஒப்பிட்டு நுணுக்கமாக விவரித்தார். ஆனால் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் ஹெரோஃபிலஸ் அக்குழாய்களைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே இத்தகைய பெயரை முதலில் கண்டவருக்கான சான்றாகக் கொள்வது தவறு.

கேள்வி: ஸ்கேன் அறிக்கையில் "டக்ளஸ் பையில் நீர்" என்று இருந்தது. பயந்துவிட்டேன். அது என்ன உறுப்பு?

பதில்: அது தனி உறுப்பன்று, கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையே வயிற்றறை உறை மடிந்து உண்டாகும் பள்ளம். மாதவிடாய்ச் சுழற்சியின்போது அங்கே சிறிதளவு நீர் தெரிவது இயல்பே. எனினும் அளவையும் அறிகுறிகளையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "கருப்பைக்குப் பின்னுள்ள பள்ளம்" என்றே எழுதியிருந்தால் உங்களுக்கு இந்த அச்சம் வந்திருக்காது; ஆட்பெயர்களை நான் எதிர்ப்பதற்கு இதுவே முதற்காரணம்.

கேள்வி: மருத்துவர்களுக்காவது ஆட்பெயர் சுருக்கமாக, குழப்பமின்றி இருக்கிறதல்லவா?

பதில்: சுருக்கம் உண்மை, தெளிவு உண்மையன்று. மெக்கெல் என்ற பெயரையே பாருங்கள். முகத்துக்கு உணர்வளிக்கும் நரம்பின் முடிச்சு மூளையுறையில் தங்கியிருக்கும் குழிவுக்குப் பாட்டனான மெக்கெலின் பெயர். சிறுகுடலில் சிலருக்குப் பிறவியிலேயே காணப்படும் பை போன்ற புடைப்புக்கோ பேரனான மெக்கெலின் பெயர். தலையும் வயிறும் ஒரே பெயருக்குள் அடங்கினால், அது எவ்விடத்தைச் சுட்டுகிறது?

கேள்வி: பெயரை நீக்கினால் முன்னோரின் உழைப்பை மறப்பதாகாதா?

பதில்: வரலாற்று நூலில் அவர்களுக்கு உரிய இடம் உண்டு, அதை எவரும் பறிக்கவில்லை. 1955-இல் பாரிசில் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடற்கூற்றியல் பெயர்ப்பட்டியல் ஆட்பெயர்களைத் தவிர்ப்பதையே விதியாக்கியது. மேலும், எல்லோருடைய பெயரும் போற்றத்தக்கதும் அன்று: நாஜிக் கட்சி உறுப்பினரான மாக்ஸ் கிளாரா, 1937-இல் நுரையீரலின் நுண்கிளைகளிலுள்ள ஓர் உயிரணு வகையை விவரித்தபோது, மரண தண்டனைக்கு உள்ளான கைதியின் திசுவைப் பயன்படுத்தினார். அந்த உயிரணுவை இன்று கதை உயிரணு, அதாவது கதாயுத வடிவ உயிரணு என்ற பொருள்படும் பெயரால் ஆய்விதழ்கள் குறிக்கின்றன. இது மிகச் சரியான மாற்றம்.

கேள்வி: தேர்வில் எதை எழுதுவது?

பதில்: விளக்கப்பெயரை முதலில் எழுதி, ஆட்பெயரை அடைப்புக்குறியில் தாருங்கள். பழைய அறிக்கைகளைப் படிப்பதற்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். நோயாளியிடம் பேசும்போது விளக்கப்பெயர் மட்டும் போதும்.