கிளஸ்டரை அழித்த பிறகும் பில் ஏன் வருகிறது?

கேள்வி: அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ் தரும் குபெர்னெட்டிஸ் (செயலிகளைக் கிளஸ்டர் என்ற கணினிக் கூட்டத்தில் ஓட்டும் மென்பொருள்) சேவை ஈகேஎஸ். அதில் நோட், அதாவது செயலி ஓடும் கணினிகள், எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டேன். இனி செலவு இல்லைதானே?

இருக்கிறது. கிளஸ்டரை நிர்வகிக்கும் பகுதியான கண்ட்ரோல் பிளேனுக்கு மணிக்கு 10 சென்ட், மாதம் 70 டாலருக்கு மேல். வழக்கமான ஆதரவுக் காலம் முடிந்த பழைய பதிப்பில் ஓடினால் மணிக்கு 60 சென்ட் ஆகிவிடும். ஈகேஎஸ் கிளஸ்டரை நிறுத்திவைக்க வழி கிடையாது, அழிக்கத்தான் வேண்டும். மைக்ரோசாஃப்ட் அஸூரின் இதே போன்ற சேவையான ஏகேஎஸ்ஸில் நிறுத்தலாம், ஆனால் டிஸ்க் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: கல்லூரி மாணவன். குபெர்னெட்டிஸ் பழக எந்த கிளவுட் மலிவு?

எதுவும் வேண்டாம் தம்பி. லேப்டாப்பில் கைண்ட் அல்லது கே3டி (உங்கள் கணினிக்குள்ளேயே சிறு கிளஸ்டரை எழுப்பும் கருவிகள்) போடுங்கள். 8 ஜிபி ரேம் போதும். நிஜ லோட் பேலன்சர் (வரும் கோரிக்கைகளைப் பகிர்ந்து அனுப்புவது), நோட் ஆட்டோஸ்கேலிங் (தேவைக்கேற்ப நோட்கள் தானாகக் கூடிக் குறைவது) என்று வரும்போது கிளவுடுக்குப் போகலாம். அன்றும், எத்தனை மணிக்கு அழிப்பீர்கள் என்பதை உருவாக்கும்போதே எழுதி வையுங்கள்.

கேள்வி: எங்கள் பில் அதிகமாக வருகிறது. என்ன செய்யலாம்?

எந்த கிளவுட், என்ன ஓடுகிறது, எந்தச் சேவைக்கு எவ்வளவு? ஒன்றுமே எழுதவில்லை. பில்லைச் சேவைவாரியாகப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: டெர்ராஃபார்மில் (கிளவுட் வளங்களைக் கோட் எழுதி உருவாக்கவும் அழிக்கவும் உதவும் கருவி) கிளஸ்டரை அழித்து மூன்று வாரம் ஆயிற்று. இன்னும் பில் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. நீங்கள் அழித்தது கிளஸ்டரை மட்டும். இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சர்வீஸை (செயலிக்குப் போகும் வாசல்) லோட்பேலன்சர் வகையில் போட்டபோது வெளியே ஒரு லோட் பேலன்சரை எழுப்பியது குபெர்னெட்டிஸ். பிவிசி (டிஸ்க் இடம் கேட்கும் கோரிக்கை) போட்டபோது டிஸ்கை உருவாக்கியதும் அதுதான். டெர்ராஃபார்முக்கு இவை தெரியவே தெரியாது, தான் உருவாக்கியதைக் குறித்துவைக்கும் அதன் ஸ்டேட்டில் இவை இல்லை. கிளஸ்டரை முதலில் அழித்துவிட்டால் இவற்றைத் துடைக்க வேண்டிய கண்ட்ரோலரும் சேர்ந்து போய்விடும். அப்புறம் அந்த லோட் பேலன்சர் பிடித்துக்கொண்டிருப்பதால் விபிசி (கிளவுடில் உங்களுக்கான தனி நெட்வொர்க்) அழியாமல் மாட்டிக்கொள்ளும். அந்தப் பிழைச் செய்தியைப் படிக்காமல் ஜன்னலை மூடிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். கட்டுவது மட்டும் வேலை, கலைப்பது வேலையில்லை என்ற நினைப்பு நம் டீம்களில் ஊறிப்போயிருக்கிறது.

முறை இதுதான். முதலில் அழிக்க வேண்டியவை இன்கிரஸ் (வெளியிலிருந்து வரும் வெப் கோரிக்கைகளுக்கு வழிகாட்டும் விதிகள்), லோட் பேலன்சர் சர்வீஸ்கள், பிவிசிக்கள். அவை வெளியே மறைந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே கிளஸ்டர், கடைசியில் விபிசி. பிவிசி போன பிறகு டிஸ்கை என்ன செய்வது என்று சொல்லும் ரீக்ளெய்ம் பாலிசி ரீட்டெய்ன் (வைத்திரு) என்றிருந்தால் டிஸ்க் தானாகப் போகாது. முடிந்ததும் அந்த ரீஜியனில் டிஸ்க், ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் நகல்), நாட் கேட்வே (உள்ளே இருக்கும் கணினிகள் இணையத்துக்குப் போகும் வழி), ஐபி நான்கையும் கண்ணால் பாருங்கள். நாட் கேட்வே சும்மா நின்றாலே மாதம் 30, 40 டாலர். 2024 பிப்ரவரியிலிருந்து ஏடபிள்யூஎஸ் தரும் பொது ஐபிவி4 (இணைய) முகவரி ஒவ்வொன்றுக்கும் மாதம் மூன்றரை டாலருக்கு மேல் கட்டணம். எல்லாவற்றிலும் உரிமையாளர் பெயரும் காலாவதித் தேதியும் டேக்காக (அடையாளச் சீட்டாக) இருக்கட்டும். பிவிசி வழியாகப் பிறக்கும் டிஸ்குக்கும் டேக் போய்ச் சேர, குபெர்னெட்டிஸுக்காக டிஸ்கை உருவாக்கும் சிஎஸ்ஐ டிரைவரில் தனியே அமைக்க வேண்டும்.

கேள்வி: ஸ்பாட் நோட்களை (மலிவாகத் தந்து, வேண்டும்போது கிளவுட் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் கணினிகள்) நம்பலாமா?

சோதனைக்குத் தாராளமாக. பெரும்பாலும் பாதிக்கும் கீழான விலை. பிடுங்கும் முன் ஏடபிள்யூஎஸ் 2 நிமிடம், கூகுள் 30 விநாடி தரும். டேட்டாபேஸை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

கேள்வி: 50 டாலருக்கு பட்ஜெட் போட்டிருந்தும் 300 தாண்டிவிட்டது!

பட்ஜெட் எச்சரிக்கும், தானாக எதையும் நிறுத்தாது. கணக்கும் பல மணி நேரம் பின்தங்கியே வரும். காலாவதியான டேக் உள்ளதை இரவில் அழிக்கும் ஜாப் ஒன்றைப் போடுங்கள்.

கேள்வி: எட்டுப் பேர் டீம். ஆளுக்கொரு கிளஸ்டர் கேட்கிறார்கள்.

ஒன்று போதும். ஆளுக்கொரு நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் தனிப் பிரிவு), அதில் ரிசோர்ஸ் கோட்டா (எவ்வளவு பயன்படுத்தலாம் என்ற வரம்பு). பதிப்பு மேம்படுத்தல் அல்லது சிஆர்டி (குபெர்னெட்டிஸில் நாமே சேர்க்கும் புதுப் பொருள் வகை) சோதனைக்கு மட்டும் தனி கிளஸ்டர், அதுவும் அழிக்கும் நேரம் எழுதிக் கொடுப்பவருக்கே.

கேள்வி: ஒரே நாளைக்கு நிஜ வாடிக்கையாளர் டேட்டாவைச் சோதனை கிளஸ்டரில் ஏற்றலாமா?

கூடாது. அனுமதிகள் தளர்வாக இருக்கும் இடம் அது. போலித் தரவை உருவாக்கி ஏற்றுங்கள்.