பையனுக்கா சோயா? டெல்லி அம்மாக்களின் கேள்விகளும் என் பதில்களும்

குழந்தைக்கு என்ன ஊட்டுகிறாய் என்று கேட்பவர்களைவிட, எதை ஊட்டக் கூடாது என்று சொல்பவர்கள்தான் இந்த ஊரில் அதிகம். லிஃப்டில் சொல்வார்கள், மதர் டெய்ரி பால் பூத் வரிசையில் சொல்வார்கள், மலை மந்திர் முருகன் கோயில் படியில் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார்கள். போன மாதம் நான் சோயா பற்றி இரண்டு வரி எழுதப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. பாதி சோயாவைப் பற்றி, மீதி அதைப் பற்றி வாய் திறந்தவர்களைப் பற்றி. குழந்தைகள் உணவு ஆலோசகராக 22 வருஷம் டெல்லியில் குப்பை கொட்டியிருக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. மீல் மேக்கர் (இங்கே நியூட்ரி என்பார்கள்), டோஃபு (சோயா பனீர்), பாக்கெட் சோயா பால், கைக்குழந்தைக்கான சோயா பால் பவுடர் டின், இந்த நான்கையும் ஊரே ‘சோயா’ என்று ஒரே பெயரில் சொல்கிறது. சண்டை பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேள்வி (மயூர் விகார்): அக்கா, பையனுக்கு 10 மாதம். மீல் மேக்கரை வேகவைத்து அரைத்து கிச்சடியில் கலந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். எதிர் ஃபிளாட் ஆன்ட்டி பார்த்துவிட்டு, ‘பையனுக்கா சோயா? பெண் பிள்ளை மாதிரி ஆகிவிடுவான்’ என்று இந்தியில் சொன்னார். சிரித்து மழுப்பிவிட்டேன். ராத்திரி மாமியாரும் போனில் அதையே சொன்னபோது அழுகை வந்துவிட்டது. நிஜமாகவே ஏதாவது ஆகுமா?

பதில்: ஆகாது. ஆனால் ஆன்ட்டி காற்றிலிருந்து பிடித்து வந்த கதையும் இல்லை. சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற பொருள் இருக்கிறது. பார்க்க ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சாயலில் இருக்கும். அதன் வேலையை மிக மந்தமாகத்தான் செய்யும். ‘தாவர ஈஸ்ட்ரோஜன்’ என்று இதற்குப் பெயர் வைத்தார்கள் பாருங்கள், அந்தப் பெயர்தான் வில்லங்கம். ஆளி விதையிலும் இதே ரகப் பொருள் உண்டு. அதைப் பொடித்து இட்லிப் பொடியில் சேர்க்கும்போது யாரும் ஆண் பெண் கணக்குப் பார்ப்பதில்லை.

வளர்ந்த ஆண்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இலும் 2021இலும் பார்த்தார்கள். சோயா சாப்பிட்டதால் டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை. ‘அது பெரியவர்களுக்கு, குழந்தைக்கு?’ என்பீர்கள். சரியான கேள்வி. மற்ற உணவே இல்லாமல் சோயா பால் பவுடரை மட்டுமே குடிக்கும் கைக்குழந்தைதான், எடைக்கு எடை பார்த்தால், மிக அதிக ஐசோஃபிளேவோன் பெறுகிறது. தினமும் டோஃபு சாப்பிடும் பெரியவரைவிடப் பல மடங்கு. அப்படி வளர்ந்தவர்களையும் பசும்பால் பவுடரில் வளர்ந்தவர்களையும் 20 முதல் 34 வயதில் தேடிப் பிடித்து அமெரிக்காவில் விசாரித்தார்கள். மொத்தம் 811 பேர். 2001இல் முடிவு வந்தது. உயரம், எடை, பருவமடைந்த வயது எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பெண்களுக்கு மட்டும் மாதவிடாய் நாட்கள் சற்றே நீண்டிருந்தன. ஒரு ஆய்வு எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பையன் வாரம் இரண்டு நாள் கிச்சடியில் சாப்பிடும் இரண்டு ஸ்பூன் எங்கே, இது எங்கே!

ஆன்ட்டியிடம் ஆராய்ச்சி பேசப் போகாதீர்கள். அடுத்த முறை, ‘ஆமாம் ஆன்ட்டி, டாக்டரிடம் கேட்டுவிட்டேன், வாரம் இரண்டு நாள்தான்’ என்று முடித்துவிடுங்கள். (கேட்டிருக்க வேண்டும். பொய் சொல்லச் சொல்லவில்லை.) மாமியார் விஷயம் வேறு. அவர் 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பேரனுக்கு ஒரு வாய் ஊட்ட முடியாமல் போனில் உட்கார்ந்திருக்கிறார். வேறு என்ன சேர்க்கலாம் அம்மா என்று நீங்களே கேளுங்கள். பாசிப்பருப்பா, நேந்திரங்காய்ப் பொடியா, ஏதாவது சொல்வார். அதையும் செய்துபோட்டு வீடியோ அனுப்புங்கள்.

கேள்வி (ஆர்.கே.புரம்): எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. பாப்பாவுக்கு 7 மாதம், கொஞ்சம் ஒல்லி. ஆபீஸ் சீனியர் ஒருவர் தினமும், ‘சோயா மாவைப் பாலில் கரைத்துக் கொடு, ஒரே மாதத்தில் தேறிவிடும்’ என்கிறார். டப்பாவே வாங்கிக் கொடுத்துவிட்டார்.

பதில்: டப்பாவுக்கு நன்றி சொல்லி, சப்பாத்தி மாவில் நீங்கள் கலந்துகொள்ளுங்கள். நன்றாக வேகும், யாருக்கும் நஷ்டமில்லை.

சோயாவைப் பச்சையாகக் கரைத்துக் கொடுக்கவே கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் பச்சைச் சோயாவில் இருக்கிறது. நன்றாக வெந்தால்தான் அது அடங்கும். அப்புறம், இந்த வயதில் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் புரதம் இருந்தால் போதும். தாய்ப்பாலும் பருப்புச் சாதமும் ஒழுங்காக உள்ளே போனால் அதில் பெரும்பகுதி வந்துவிடும். ஒல்லியான குழந்தைக்குப் பெரும்பாலும் குறைவது புரதம் இல்லை, மொத்தச் சாப்பாடு. சின்ன வயிறு, தண்ணீராகக் கஞ்சி கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. கெட்டியாகப் பிசைந்து ஒரு ஸ்பூன் நெய் விடுங்கள். எடை வரைபடத்தில் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் ஒல்லி என்பது ஒரு குறையே இல்லை. கோடு படுத்துவிட்டால் சீனியரிடம் அல்ல, டாக்டரிடம் போக வேண்டும்.

கேள்வி (ஜனக்புரி): பிஸ்கட் பாக்கெட்டில் சோயா லெசித்தின் என்று இருக்கிறது. நாத்தனார் பயமுறுத்துகிறாள்.

பதில்: எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கத் துளியளவு சேர்ப்பது. சோயா அலர்ஜி உறுதியான குழந்தை என்றால் டாக்டரைக் கேளுங்கள். இல்லையென்றால் பிஸ்கட்டில் பயப்பட வேண்டியது சர்க்கரை.

கேள்வி (கரோல் பாக்): மேடம், இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என் மகளுக்குப் பிறவியிலேயே தைராய்டு குறைவு. தினமும் மாத்திரை பொடித்துக் கொடுக்கிறோம். இப்போது ஒன்றே கால் வயது. கோயிலில் ஒரு மாமி, ‘தைராய்டு குழந்தைக்கு சோயா ஆகாதுடி’ என்றார். ஊர் வாயை ஒன்றே கால் வருஷமாகக் கேட்ட எரிச்சலில், ‘உங்கள் வேலையைப் பாருங்கள் மாமி’ என்று வெடித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பதில்: கோபம் நியாயம். ஆனால் மாமி சொன்னதில் விஷயம் இருக்கிறது. சோயா அந்த மாத்திரையைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். சோயா பால் பவுடர் குடிக்கும் குழந்தைகளுக்கு மாத்திரை அளவையே மாற்ற வேண்டி வருவதுண்டு. ரத்தப் பரிசோதனையும் அடிக்கடி செய்வார்கள். இரும்பு டானிக்கும் கால்சியமும் இதையே செய்யும்.

அதற்காக வாழ்நாள் தடை என்று அர்த்தமில்லை. மாத்திரையை ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கொடுங்கள், சோயா பாலில் வேண்டாம். மாத்திரைக்கும் சோயா கலந்த சாப்பாட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தினமும், அடுத்த மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் டி.எஸ்.எச். (ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் தைராய்டு அளவு) ஏறி இறங்கிக் குழப்பும். புதிதாகச் சோயாவை ஆரம்பிக்கும் முன் டாக்டர் காதில் போட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த மாமி. யாரோ ஒரு பேத்திக்கு நடந்ததைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. கிருத்திகைக்கு மலை மந்திர் போவீர்கள் இல்லையா, அங்கே பார்த்தால் ‘நீங்கள் சொன்னது சரிதான் மாமி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில் கேட்காமல் வரும் பத்து அறிவுரையில் ஒன்று இப்படி உருப்படியாக இருந்து தொலைக்கும். அதனால்தான் மொத்தமாகக் காதை மூடிக்கொள்ளுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

கேள்வி (துவாரகா, ஒரு அப்பா): மகனுக்கு 5 மாதம். பசும்பால் பவுடர் கொடுத்தால் தடிப்பு, வாந்தி. பாக்கெட் சோயா பால் கொடுத்தால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் சோயா டின்னை நீட்டுகிறார்.

பதில்: தம்பி, இரண்டையும் கையில் எடுக்காதீர்கள். பாக்கெட் சோயா பால் பெரியவர்களுக்கான பானம். ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்கோ பவுடருக்கோ அது மாற்றே ஆகாது. அதை நம்பி வளர்த்தால் குழந்தை சத்தில்லாமல் போகும். டின் வேறு சரக்கு, கைக்குழந்தைக்கென்றே சத்துகள் சேர்த்தது. ஆனால் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் சிலருக்குச் சோயா புரதமும் ஒத்துக்கொள்ளாது. அதனால் 6 மாதத்துக்குள் பொதுவாகப் புரதத்தை உடைத்துத் தயாரித்த பவுடரைத்தான் டாக்டர்கள் முதலில் எழுதுவார்கள். விலை பயமுறுத்தும், தெரியும். கேலக்டோசீமியா என்ற அரிய பிறவிக் குறை உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலே கூடாது. அங்கே சோயா டின்தான் கைகொடுக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அது வேண்டாம் என்பார்கள். இதையெல்லாம் முடிவு செய்ய வேண்டியது டாக்டர், கடைக்காரர் இல்லை. கைக்குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு விளம்பரமோ பிரசாரமோ செய்யக் கூடாது என்று நம் நாட்டில் 1992இலேயே சட்டம் வந்துவிட்டது, 2003இல் அதை இரண்டு வயதுவரை என்று இன்னும் இறுக்கினார்கள். அம்மாவுக்கு இன்னும் பால் இருந்தால், அவர் பால் பொருட்களை நிறுத்திப் பார்க்கலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். தடிப்போடு மூச்சுத் திணறலோ முக வீக்கமோ வந்தால் எதற்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி (முனிர்கா): கல்யாண வீட்டில் மச்சினர் என் இரண்டரை வயது மகள் வாயில் சோயா சாப் துண்டைத் திணித்துவிட்டார். ‘புரதம், நல்லது’ என்றாராம்!

பதில்: வட இந்தியாவுக்கே உரிய பண்டம். ஒரு தடவை அந்தச் சாப்பைப் பிரித்துப் பாருங்கள். ஐஸ்கிரீம் குச்சியில் நாடா மாதிரி சுற்றிச் சுற்றி வரும். அப்படி இழுத்தால் அறாமல் வருகிறதே, அது மைதா தருகிற ஜவ்வு. சோயாவோடு மைதா, மேலே கிரீம், உப்பு, மிளகாய், தந்தூர் கரி. ஒரு துண்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் கடைவாய்ப் பல் முழுதாக வராத வயதில் அந்த ஜவ்வுத் துண்டு தொண்டையில் அடைக்கலாம், எனக்கு அதுதான் பயம். மச்சினரிடம் புரதக் கணக்கு பேசாதீர்கள். ‘அவளுக்கு மெல்ல வராது, மாமா’ என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். மெல்ல வராது என்றால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

கேள்வி (பெயர் போடவில்லை): சோயா கோழித் தீவனம். கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினீர்கள்?

பதில்: வாங்கியிருந்தால் 22 வருஷமாக வாடகை வீட்டில் தண்ணீர் மோட்டாருக்கு அலாரம் வைத்து எழுந்துகொண்டிருக்க மாட்டேன். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கில் பெரும்பகுதி தீவனத்துக்குப் போவது உண்மைதான். மக்காச்சோளமும் கோழித் தீவனம்தான். இந்தியா கேட்டில் சுட்டு விற்றால் வரிசையில் நின்று வாங்குகிறோம்.

கேள்வி (பட்பர்கஞ்ச்): மாமனார் தினமும் காலை 6 மணிக்குச் சோயா எதிர்ப்பு வாட்ஸ்அப் அனுப்புகிறார். மகளுக்கு 6 வயது. சோயாவால் சீக்கிரமே வயதுக்கு வந்துவிடுவாள் என்பது லேட்டஸ்ட்.

பதில்: வீட்டுச் சாப்பாட்டில் வரும் அளவு சோயாவால் அப்படி நடக்கிறது என்று காட்டும் உறுதியான சான்று இல்லை. 8 வயதுக்கு முன் மார்பு வளர்ச்சி தெரிந்தால் மட்டும், சோயா சாப்பிட்டாளோ இல்லையோ, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மாமனாருக்குப் பதில் போடாதீர்கள், வேலை கொடுங்கள். மீல் மேக்கரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் மிதக்கும், அப்புறம் பஞ்சு போல ஊதும், மேலே நுரை கட்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டி, இரண்டு தடவை அலசி, உள்ளங்கையில் வைத்து ஒட்டப் பிழிய வேண்டும். பச்சை வாடை போவது பிழிவதில்தான் இருக்கிறது. ஆண் கை என்றால் நன்றாகவே பிழியும். 10 கிராம் காய்ந்த மீல் மேக்கரில் 5 கிராம் புரதம், அவளுக்கு அந்த அளவு ஒரு வேளைக்குத் தாராளம். இறக்கும்போது எலுமிச்சை பிழியுங்கள், இரும்புச் சத்து உடம்பில் சேரும். சோயா சாஸ் மட்டும் வேண்டாம், அத்தனையும் உப்பு.

தன் கையால் பிழிந்ததைப் பேத்தி இன்னொரு கரண்டி கேட்டால், மறுநாள் 6 மணிக்கு வாட்ஸ்அப்பில் சாமி படம் வருகிறதா பாருங்கள்.

கேள்வி (சரோஜினி நகர்): நீங்கள் எல்லோரும் திட்டுகிற அந்தப் பாட்டி நான்தான்மா. பேரனுக்கு 14 மாதம். மருமகள் மீல் மேக்கரைக் குருமாவில் போட்டு முழுசு முழுசாகக் கையில் கொடுக்கிறாள். எனக்குப் பார்க்கவே பக்கென்கிறது. சொன்னால் ஆகாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

பதில்: உங்களை யார் திட்டினார்கள் மாமி! உங்களுக்குப் பக்கென்றது சரிதான். கோலிக்குண்டு அளவில் பஞ்சு மாதிரி இருக்கும் துண்டு அந்த வயதில் அடைக்கும். விரல் நகம் அளவுக்கு நறுக்க வேண்டும், குழந்தையை உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். சோயா நல்லதா கெட்டதா என்ற பேச்சையே எடுக்காதீர்கள். எடுத்தால் அவள் அதற்குத்தான் பதில் சொல்வாள், துண்டு பெரிசாகவே இருக்கும். ‘நீ குருமாவைப் பார், நறுக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லி, முழங்கால் இடம் கொடுத்தால், அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுங்கள்.