மாத்திரை அட்டையைக் கணவரிடம் கொடுங்கள்

கேள்வி: பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் பிரிவு அலுவலராக இருக்கிறேன். வயது 46. மூன்று மாதமாகப் படபடப்பு, பிடரி வலி, இடது கண் துடிப்பு, முடி கொட்டுதல். விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. ஈசிஜி, எக்கோ நார்மல். மெடிக்கலில் அல்பிரசோலம் 0.5 என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை வாங்கி இரண்டு மாதமாகப் போடுகிறேன். இணையத்தில் மூளைக் கட்டி என்று போட்டிருக்கிறது. ரிசல்ட் வேலை நெருக்கும்போது, தூக்கத்திலேயே போய்விட்டால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது. மனநல மருத்துவரிடம் போனால் எஸ்.ஆரில் (பணிப் பதிவேட்டில்) ஏறிவிடுமா?

பதில்: ஏறாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உங்கள் அலுவலகம் கேட்டது என்பதற்காக, உங்கள் சம்மதமின்றி மருத்துவர் எதையும் சொல்லிவிட முடியாது. சிகிச்சை பில்லை அலுவலகத்தில் கொடுத்துப் பணம் கேட்டால் விவரம் மேசைக்கு வந்துவிடும் என்று பயமிருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல ஓ.பி.க்குப் போங்கள். செலவில்லை, பில்லும் இல்லை.

கண் துடிப்பு தூக்கக் குறைவாலும் காபியாலும் வருவது. அதை வைத்து மூளைக் கட்டி தேடுவதை இன்றோடு விடுங்கள். பிடரி வலி, நாள் முழுக்கக் குனிந்து மதிப்பெண் சரிபார்ப்பதன் கூலி. முடிக்கும் படபடப்புக்கும் சேர்த்து ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டு), பி12, சர்க்கரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, தூக்கத்திலேயே போய்விட்டால் தேவலை என்று, அதுதான் எனக்குக் கவலை. சாக வேண்டும் என்று நினைக்கவில்லையே என்பீர்கள். விழிக்காமலே இருந்துவிடலாம் என்ற ஆசையும் தற்கொலை எண்ணத்தின் ஒரு வடிவம்தான். அதோடு 3 மணி விழிப்பும் சேர்ந்தால் மனச்சோர்வு நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காலையில் மனம் கனத்து, மாலையில் கொஞ்சம் தெளிகிறதா, பிடித்த எதிலும் நாட்டம் போய்விட்டதா என்று பாருங்கள். இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 'வேலை டென்ஷன்' என்று தள்ளிவிடக் கூடாது. இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். எப்படிச் சாவது என்று யோசனை ஓடத் தொடங்கினால் வாரக்கணக்கு பார்க்காதீர்கள். அந்த மணி நேரமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரவில் தனியாக இருந்தால், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இப்போது அந்த மாத்திரை. அல்பிரசோலம் ஹெச்1 அட்டவணை மருந்து. சீட்டில்லாமல் விற்ற கடைக்காரர் சட்டத்தை மீறியிருக்கிறார், நீங்கள் உடம்போடு விளையாடியிருக்கிறீர்கள். இது மனச்சோர்வைக் குணப்படுத்தாது. வேலை செய்யும் நேரமும் குறைவு. இரவில் போட்டதன் வேகம் விடியலில் இறங்க, படபடப்பு திரும்புகிறது, நீங்கள் அதையே நோய் என்று எண்ணி இன்னொன்று போடுவீர்கள். இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. இரண்டு மாதப் பழக்கத்தைத் திடீரென விட்டால் தூக்கம் அடியோடு போகும், சிலருக்கு வலிப்பே வரும். மருத்துவர் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைப்பார். அதுவரை அட்டை கணவரிடம் இருக்கட்டும். இரவுக்கு ஒன்றை மட்டும் அவர் எடுத்துத் தரட்டும். ஏன் என்று அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மனச்சோர்வுக்கான மருந்து தொடங்கினால் முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டலும் கொஞ்சம் பதற்றமும் வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாள் 'கேட்கவில்லை' என்று விட்டுவிடாதீர்கள். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும்.

உங்கள் பிரிவுத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிசல்ட் நேரத்து இரவு வேலையை ஒரே ஆள் தலையில் தொடர்ந்து வைக்காமல் சுற்று முறையில் பிரியுங்கள். 'போய்ச் சேர்ந்தால் தேவலை' என்று ஒருவர் சொன்னால், 'சாகணும்னு தோணுதா?' என்று தனியே அழைத்து நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை போட்டீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். குறைக்கும் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.